பூட்ஸுக்குள் செம்பு வண்டு

"நின்னுடுச்சு மேடம்" என்றான் நெட்டை.

"தெரியுது" என்றார் வக்கீலம்மா.

"பஸ் நின்னா இறங்கித் தள்ளலாம். ரயில் நின்னா தண்டவாளத்துல நடந்து போகலாம். இது நின்னா என்ன மேடம் பண்றது?"

"உக்காரலாம்."

நெட்டை உட்கார்ந்தான். உட்காரும்போதே கூரையில் தலை இடித்தது. அவன் உயரத்துக்கு அந்த ரோப் கார் பெட்டி ஒரு சட்டைப்பை மாதிரி. முழங்கால் இரண்டும் மோவாய்க்கு வந்துவிட்டன. பெட்டி முன்னும் பின்னும் லேசாக ஆடியது. மேலே கம்பி எங்கோ முனகியது. கீழே பார்ப்பதில்லை என்று ஏறும்போதே சபதம் போட்டிருந்தான். பாழாய்ப்போன கண் கேட்டால்தானே! கீழே ஒன்றுமே இல்லை. வெறும் மூடுபனி. அது கிழிந்த இடங்களில் மட்டும் பெரிய பெரிய மரங்கள் கீரைக்கட்டு அளவுக்குத் தெரிந்தன.

வீட்டில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏற வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆசாமி அவன். வக்கீலம்மாவிடம் உதவியாளராகச் சேர்ந்தபோது, "துப்பறியும் வேலைன்னா ஓடணும், ஒளியணும்" என்று சொன்னார்களே தவிர, அந்தரத்தில் தொங்கணும் என்று யாரும் சொல்லவில்லை.

சுவரில் இருந்த இன்டர்காம் பெட்டி கரகரத்தது. கீழே ஸ்டேஷனில் ரோப் காரை இயக்குகிற ஆபரேட்டரின் குரல்.

"கரண்ட் போயிருச்சு மேடம். ஜெனரேட்டரைப் பார்த்துட்டிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"பொறுத்துக்கலாம். கீழே விழுந்துட்டா?" என்று கேட்டான் நெட்டை.

"விழாது சார்."

"இதை எழுதித் தருவீங்களா?"

எதிர் இருக்கையில் இருந்த அருங்காட்சியகக் காப்பாளர் எரிச்சலோடு உச்சுக் கொட்டினார். ஒழுங்காகக் கத்தரித்த வெள்ளைத் தாடி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் சின்ன லென்ஸ், மடியில் ஒரு தோல் பை. மலைகளில் வாழும் தரை வண்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன இனம் என்று சொல்லக்கூடியவர்கள் அந்த வட்டாரத்தில் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் முந்தாநாளிலிருந்து காணவில்லை.

காணாமல் போனவரை அந்த அடிவார ஊரே வண்டு மேடம் என்றுதான் கூப்பிடும். வண்டு மேடமும் காப்பாளரும் முந்தாநாள் காலையில் கிழக்குச் சிகரத்துக்கு வண்டு பிடிக்கப் போனார்கள் என்பது காப்பாளரின் வாக்குமூலம். மாலையில் அவர் மட்டும் நனைந்துபோய்த் திரும்பி வந்தார். "பாறையில கால் வழுக்கிடுச்சு, என் கண்ணு முன்னாடியே பள்ளத்துல போயிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து மீட்புக் குழுவினர் கிழக்குச் சிகரத்தைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். ஒரு ஷூகூடக் கிடைக்கவில்லை.

வண்டு மேடத்தின் கூடப்பிறந்த தம்பிதான் கீழே இருக்கும் ரோப் கார் ஆபரேட்டர். நேற்று அவர்தான் வக்கீலம்மாவின் ஆபீஸ் படியேறி வந்தார். "எங்கக்கா பாறையில வழுக்குற ஆள் இல்ல மேடம். ஆடு வழுக்கினாலும் வழுக்கும், அவ வழுக்க மாட்டா" என்றார். அழவில்லை.  அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் வக்கீலம்மா கிளம்பி வந்தார்.

மழைக்காலம் என்பதால், கிழக்குச் சிகரத்துக்கு ஏறும் அந்த ரோப் கார் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்தது. மீட்பு வேலைக்காக மட்டும் ஓடியது. "விழுந்த இடத்தை இன்னொரு தடவை நேர்ல காட்டுங்க சார்" என்று வக்கீலம்மா கேட்டுக்கொண்டதால் காப்பாளர் வந்திருந்தார். மனமில்லாமல்தான்.

இப்போது மூன்று பேருமாகச் சேர்ந்து நடுவானத்தில் மாட்டிக்கொண்டார்கள். கதவு இறுக மூடியிருந்தது. ஜன்னலில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. மூன்று பேரின் மூச்சும் கண்ணாடியில் படிந்து வெளியே இருந்த பனியும் உள்ளே இருந்த பனியும் ஒன்றாகிவிட்டன. ஒரே ஆறுதல், பிளாஸ்கில் கொஞ்சம் டீ இருந்தது. அதிலும் பாதியைப் பெட்டி ஆடியதில் நெட்டை தன் கால்சட்டைக்கே கொடுத்துவிட்டான்.

வக்கீலம்மா கைப்பையைத் துழாவி ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். உள்ளே கட்டை விரல் நீளத்துக்கு ஒரு பச்சை வண்டு. செத்த பிறகும் பட்டுத் துணி மாதிரி மினுமினுத்தது.

"சும்மாதானே உக்காந்திருக்கோம். ஒரு சந்தேகம் சார்" என்றார். "எங்க அண்ணன் பையன் பழைய சாமான் கடையில கண்ணாடி போட்ட ஒரு வண்டுப் பெட்டி வாங்கினான். அதுல இருந்தது. என்ன வண்டுன்னு கேட்டு உயிரை எடுக்கிறான்."

நெட்டைக்குத் தெரிந்து வக்கீலம்மாவுக்கு அண்ணனே கிடையாது. அவன் டீயை ஊதினான்.

காப்பாளரின் முகம் மாறிவிட்டது. எரிச்சல் போன இடம் தெரியவில்லை. குப்பியை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, லென்ஸைக் கண்ணில் வைத்தார். முதுகைப் பார்த்தார். கவிழ்த்து வயிற்றைப் பார்த்தார். "கொஞ்சம் டார்ச் அடிங்க தம்பி" என்று நெட்டையிடம் கேட்டு, மறுபடியும் முதுகு. நெட்டைக்கு டார்ச் பிடித்துக் கை வலித்தது. நகைக் கடையில் தோடு வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"அடேயப்பா" என்றார் கடைசியில். "உங்க அண்ணன் பையன் அதிர்ஷ்டக்காரன். இது ஊர்ல கிடைக்கிற வண்டு இல்லம்மா. மேற்குச் சிகரத்துல மட்டும்தான் இருக்கு. உலகத்துல வேற எங்கேயும் கிடையாது."

"பக்கத்து மலைக்குப் பறந்து போகாதா?"

"எப்படிப் பறக்கும்? முதுகு ஓடு ரெண்டும் ஒண்ணா ஒட்டிப்போச்சு. உள்ள சிறகே இல்ல. நடந்துதான் போகணும். நடந்தும் எங்க போகும்? குளிர்லதான் அது பிழைக்கும். அடிவாரத்துச் சூட்டுக்கு இறங்கினா செத்துடும். பறக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. லட்சக்கணக்கான வருஷமா அந்தந்த உச்சியிலேயே மாட்டிக்கிட்டுக் கிடக்குதுங்க. அதனாலதான் சிகரத்துக்கு ஒரு இனம்."

"நம்மள மாதிரியேதான்" என்றான் நெட்டை. "நாம மாட்டி இன்னும் லட்சம் வருஷம் ஆகல. அவ்வளவுதான்."

"பச்சை வண்டு, மேற்குச் சிகரம்" என்று வக்கீலம்மா மனப்பாடம் செய்வதுபோல முணுமுணுத்தார்.

"பச்சைன்னு சொல்லாதீங்க!" காப்பாளர் விரலை உயர்த்தினார். "நிறத்தை வெச்சு வண்டு பார்க்கிறது, சட்டையை வெச்சு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. இதே இனம் செம்பு நிறத்துலயும் வரும், கறுப்புலயும் வரும். முதுகைத்தான் பார்க்கணும். சங்கிலி மாதிரி மேடு மேடா வரிசை தெரியுது பாருங்க. ஒவ்வொரு பக்க ஓட்டுலயும் மூணு சங்கிலி. மூணு இருந்தா மேற்குச் சிகரம். இதைப் போலவே அச்சு அசலா இன்னொண்ணு இருக்கு. அதுக்குப் பக்கத்துக்கு ரெண்டு சங்கிலிதான். அது சாதாரணம். வயல், வாய்க்கால், வீட்டுக் கொல்லை எல்லா இடத்துலயும் ஓடும்."

"ஒரு சங்கிலியில இவ்வளவு விஷயமா!"

"உலகமே அந்த ஒரு சங்கிலியிலதாம்மா இருக்கு" என்றார் காப்பாளர். கண்ணில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் நெட்டைக்கு அவரைப் பிடித்துக்கூடப் போய்விட்டது.

வக்கீலம்மா பச்சை வண்டுக் குப்பியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோர்ட்டில் இருபது வருஷம் வாதாடியவர். சாட்சி ஏதாவது எதிர்பாராததைச் சொல்லிவிட்டால் இப்படித்தான் ஒரு தரம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வார் என்று நெட்டை கேள்விப்பட்டிருக்கிறான். அவன் கவனித்தான். ஏனென்று மட்டும் புரியவில்லை.

பிறகு அவர் இரண்டாவது குப்பியை எடுத்தார். உள்ளே செம்பு நிறத்தில் ஒரு வண்டு.

நெட்டைக்கு அதை நன்றாகத் தெரியும். இன்று காலையில், எல்லாரும் தங்கியிருந்த விருந்தினர் விடுதியில், அடுப்புப் பக்கம் காயப்போட்டிருந்த ஒரு ஜோடி பூட்ஸை வக்கீலம்மா எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். காய்ந்த இலை, மண், அப்புறம் இது. நேராக அவன் கால் மேல் விழுந்தது. அவன் மேசை மேல் ஏறியதை விடுதிச் சமையல்காரர் பார்த்துவிட்டார். தரையில் ஒரு வண்டு ஓடினால் உயரம்கூட அவனுக்குப் பெரிதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ இது என்ன சார்?" என்றார் வக்கீலம்மா. "இன்னைக்குக் காலையில உங்க பூட்ஸுக்குள்ள இருந்துச்சு."

காப்பாளரின் கை, குப்பியை வாங்க நீண்ட கை, பாதியில் நின்றது. அப்படியே மெல்லப் பின்வாங்கி மடியில் இருந்த தோல் பையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"அது சாதாரண வண்டு" என்றார். "எல்லா இடத்துலயும் கிடைக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. வாய்க்கால் வண்டு."

"நெட்டை, எண்ணு."

"நானா?"

"உனக்குத்தான் கண்ணு நல்லா தெரியும்."

நெட்டை பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான். காற்று ஒரு தரம் பெட்டியைத் தாலாட்டியது. ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எண்ணினான். ஒன்று. இரண்டு. பெட்டி ஆடியது. மறுபடியும் முதலிலிருந்து. ஒன்று, இரண்டு...

"மூணு மேடம்" என்றான். சொன்ன பிறகுதான் சொன்னதன் அர்த்தம் அவனுக்கே உறைத்தது. மூன்று என்றால் மேற்குச் சிகரம். இவர் போனதாகச் சொன்னது கிழக்குச் சிகரம்.

"கொண்டாங்க, நான் பார்க்கிறேன்" என்று காப்பாளர் பாய்ந்தார்.

வக்கீலம்மா குப்பியை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "இப்ப வேணாம் சார். இனிமே பார்த்துப் பிரயோஜனம் இல்ல."

"ஒரு வண்டை வெச்சு..."

"வண்டை விடுங்க. உங்களைப் பத்திப் பேசுவோம். பச்சை வண்டு என் அண்ணன் பையனோடதுன்னு சொன்னேன். அதை எப்படிப் பார்த்தீங்க! திருப்பிப் பார்த்தீங்க, கவிழ்த்துப் பார்த்தீங்க, டார்ச் கேட்டீங்க. ஏன்னா அது உங்களுக்கு வெறும் வண்டு. இது உங்க பூட்ஸுல இருந்ததுன்னு சொன்னேன். கையிலகூட வாங்கல. பார்க்காமலே பேர் சொல்லிட்டீங்க. வாழ்க்கை முழுக்க வண்டு பார்த்தவர், ஒரு வண்டைப் பார்க்கவே பயந்தது இன்னைக்குத்தான் முதல் தடவையா இருக்கும்."

காப்பாளர் தோல் பையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். 

"எனக்கு அண்ணன் பையனே கிடையாது சார். அந்தப் பச்சை வண்டு, வண்டு மேடத்தோட மேசையில இருந்தது. அவங்க தம்பி கொடுத்தார். எந்த மலையில பிடிச்சதுன்னு அவருக்குத் தெரியல. இப்ப நீங்க சொல்லிட்டீங்க. அவங்க மேற்குச் சிகரத்துக்குத்தான் போயிட்டு வந்திட்டிருந்தாங்க. முந்தாநாளும் அங்கதான் போனீங்க. ரெண்டு பேரும்."

வக்கீலம்மா தன் சேலைத் தலைப்பால் ஜன்னலின் பனியைத் துடைத்தார். மூடுபனிக்கு அப்பால், எதிர்த் திசையில், மேற்குச் சிகரம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. அதன் தலைமேல் மேகம் அடர்ந்து இறங்கியிருந்தது.

"அங்க மழை புடிச்சுக்கிட்டு வருது சார். எத்தனை பேர் கிழக்கு மலையில தேடிட்டிருக்காங்க! ஒருத்தர்கூட அந்தப் பக்கம் இல்ல. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். அவங்க உயிரோட இருக்காங்களா?"

கம்பி முனகியது. நெட்டை தான் எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டிருந்தான்.

"நான் வரும்போது பேசிக்கிட்டிருந்தாங்க" என்றார் காப்பாளர்.

அந்த வாக்கியம் பெட்டிக்குள் நாலாவது ஆளைப் போல வந்து உட்கார்ந்தது.

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. அணை உடைந்த மாதிரி கொட்டினார். மேற்குச் சிகரத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு வண்டை வண்டு மேடம் கண்டுபிடித்திருந்தார். பச்சையும் இல்லை, செம்பும் இல்லை, முற்றிலும் புது இனம். பேரே வைக்கப்படாதது. காப்பாளரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிக் கூட்டிப்போனார். உச்சிக்குக் கீழே, கைவிட்ட பழைய கல் குவாரிக் குழியின் விளிம்பில் மண் சரிந்தது. வண்டு மேடம் உள்ளே விழுந்தார். கால் முறிந்திருக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை. அப்படியும் கையை நீட்டவில்லை. கையில் இருந்த, அந்தப் புது வண்டு அடைத்த சின்னப் பெட்டியைத்தான் நீட்டினார்.

"'சார், முதல்ல இதைப் பிடிங்க, நசுங்கிடப் போகுது'ன்னாங்க. பிடிச்சேன். கயிறு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு நடந்தேன். நிஜமாவே கயிறு எடுக்கத்தான் நடந்தேன். வழியெல்லாம் பெட்டி கையில இருந்துச்சு. முப்பது வருஷமா அந்த மலையை நான் ஏறி இறங்கியிருக்கேன். என் காலடியிலயே ஓடியிருக்கும். எனக்குத் தட்டுப்படல. நேத்து வந்தவங்களுக்குத் தட்டுப்படுது. கீழே வந்ததும் எல்லாரும் எங்கே, எங்கேன்னு கேட்டாங்க. கிழக்குன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அதை எப்படி மாத்துறது..."

"எந்தக் குழி?"

கேட்டது வக்கீலம்மா இல்லை. நெட்டையும் இல்லை. சுவரில் இருந்த இன்டர்காம் பெட்டி. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது என்பது நெட்டைக்கு இப்போதுதான் தெரிந்தது.

"மேற்கால நாலு குழி இருக்கு. எந்தக் குழி?" என்றது தம்பியின் குரல்.

காப்பாளர் கல்லாகச் சமைந்துவிட்டார். வக்கீலம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லுங்க!"

"ஒத்தை மரம் நிக்குமே... அதுக்குக் கீழே."

நெட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம். கரண்ட் போகலையா?"

"போகல."

"நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்களா?"

"இவர் மலை ஏறிட்டா மீட்புக் குழுவோட கூட்டத்துல கலந்துடுவார். எனக்கு எழுந்து போக முடியாத ஒரு இடம் வேணும்ப்பா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ ஏறியிருப்பியா?"

நியாயமான கேள்வி. நெட்டை இருக்கைக் கம்பியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி" என்று வக்கீலம்மா இன்டர்காமில் வாய் வைத்தார். "எல்லாம் கேட்டுச்சுல்ல. கிழக்கு மலைக்குத் தகவல் சொல்லுங்க. எங்களைக் கீழே இறக்குங்க."

"சொல்லிட்டேன் மேடம். அவங்க இறங்கி, சுத்தி வந்து, மேற்கால ஏற சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள மழைத் தண்ணியில குழி ரொம்பிடும். நான் குறுக்கு வழியில ஏறினா சீக்கிரம் போயிடலாம். கயிறு எடுத்துக்கிட்டேன்."

"சரிப்பா. எங்களை இறக்கிட்டு..."

"உங்களை இறக்கிட்டு நின்னா அக்கா போயிடுவா." குரல் முதன்முறையாக உடைந்தது. "மன்னிச்சிடுங்க மேடம். பிரேக் போட்டிருக்கேன். பெட்டி விழாது. மாத்து ஆள் வந்து இறக்குவார்."

சிவப்பு விளக்கு அணைந்தது.

"தம்பி! தம்பி!" வக்கீலம்மா பொத்தானை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பனி கொஞ்சம் கிழிந்த இடத்தில் பார்த்தபோது, கீழே ஸ்டேஷனிலிருந்து ஒரு சின்ன உருவம் தோளில் கயிற்றுச் சுருளோடு ஓடிப் பனிக்குள் மறைந்தது.

வக்கீலம்மா மெல்ல உட்கார்ந்தார். நெட்டை அவரிடம் பார்த்தே இராத ஒரு முகபாவம். எல்லாரையும் கூண்டில் ஏற்றியவர், கூண்டுக்கு உள்ளே நின்றுகொண்டு தாழ்ப்பாளை வெளியே விட்டுவிட்டார்.

"நல்ல திட்டம் மேடம்" என்றான் நெட்டை. "வலையை விரிச்சு, நாமளும் அதுலயே படுத்துக்கிட்டோம்."

அவன் சொல்லி முடிக்கவில்லை. காப்பாளர் எழுந்தார். கதவுக்கு மேலே இருந்த சிவப்பு அவசரப் பிடியைக் கீழே இழுத்தார். கதவு வழுக்கித் திறந்தது.

காற்று உள்ளே அறைந்தது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. காப்பாளர் வாசலில் நின்றார். ஒரு கை கதவுச் சட்டத்தில். இன்னொரு கையில் தோல் பை. கீழே வெள்ளையாக, வாயைத் திறந்துகொண்டு, பள்ளத்தாக்கு.

"அந்தப் பையன் போறதுக்குள்ள குழி ரொம்பியிருக்கும்" என்றார். குரலில் பதற்றமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவங்களோட நானும் போயிடறேன்."

"சார், உள்ளே வாங்க" என்று வக்கீலம்மா எழுந்தார். பெட்டி இன்னும் சாய்ந்தது. அவர் அசையாமல் நின்றுவிட்டார். அவர் நின்ற பக்கம் தூரம். பக்கத்தில் இருந்தவன் நெட்டை.

நெட்டை ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருப்பான். தரையில் குப்புறப் படுத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான். நீளமான தன் காலைப் பின்னால் இருக்கைக் கம்பியில் கோத்துக்கொண்டு, நீளமான கைகளை முன்னால் விட்டு, முதலில் தட்டுப்பட்ட கணுக்காலைப் பிடித்தான்.

"விடுங்க தம்பி."

"முடியாது சார். நீங்க குதிச்சா பெட்டி ஆடும். பெட்டி ஆடினா எனக்கு வாந்தி வரும். உள்ளே வாங்க."

"விடுப்பா!"

"அந்த அம்மாவோட வண்டுப் பெட்டி இந்தப் பையிலதானே இருக்கு? அவங்க கையைக்கூட நீட்டாம அதைத்தான் உங்ககிட்ட நீட்டினாங்க. அதையும் சேர்த்துப் பள்ளத்துல போடப் போறீங்களா? உயிரோட வந்து அந்த அம்மா முதல்ல அதைத்தான் கேட்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

 நெட்டையின் விரல்கள் மரத்துப்போயின.  பிறகு, பிடித்திருந்த கால் மடங்கியது. காப்பாளர் அவன் முதுகின் மேலேயே சரிந்து உட்கார்ந்து, பையைக் கட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். வக்கீலம்மா இருவரையும் தாண்டிப் போய்க் கதவை இழுத்துச் சாத்தினார்.

"மேடம்" என்றான் நெட்டை தரையிலிருந்து. "கண்ணைத் திறக்கலாமா?"

"இப்ப வேணாம்ப்பா" என்றார் வக்கீலம்மா. 

மழை வந்தது. கூரையில் ஆணி கொட்டுவதுபோலக் கொட்டியது. ஜன்னலில் இருந்த உலகம் மொத்தமும் அழிந்தது. மேற்குச் சிகரம் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை. ஒரு உயிர் அங்கே இருக்கிறதா இல்லையா, தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஓடத் தெரிந்தவர்களுக்கு ஓட இடமில்லை, பேசத் தெரிந்தவருக்குப் பேச இன்டர்காமின் மறுமுனையில் யாருமில்லை. நெட்டை காப்பாளரின் கைக்குட்டையால் அவர் கையையும் தன் கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். "தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பிடிச்சுக்க ஒரு கை வேணும்" என்றான். வக்கீலம்மா மிச்சமிருந்த டீயை மூன்று பங்காக ஊற்றினார். காப்பாளருக்கும் ஒரு பங்கு கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

அந்திப் பொழுதில் பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. கீழ்நோக்கி.

ஸ்டேஷன் வெளிச்சத்தில் போலீஸ் ஜீப்பும் ஆம்புலன்ஸும் நின்றன. மாற்று ஆபரேட்டர் கதவைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் காப்பாளரை இறக்கிக் கூட்டிப்போனார். நெட்டை இறங்கியதும் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையைத் தடவினான்.

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் போர்வைக்குள் சேறு அப்பிய ஒரு முகம். பக்கத்தில் தம்பி, தொப்பலாக நனைந்து, உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்து ரத்தமாக, அக்காவின் காலணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். முடியவில்லை.

"இடுப்பு வரைக்கும் தண்ணி மேடம்" என்றார். "நின்னுக்கிட்டே இருந்திருக்கா. ஒத்தைக் கால்ல."

வக்கீலம்மா அவர் தலையில் கை வைத்தார்.

நெட்டை, காப்பாளர் விட்டுப்போன தோல் பையைத் திறந்து, உள்ளே இருந்த சின்னப் பெட்டியை எடுத்துப் போர்வை மேல் வைத்தான். வண்டு மேடம் கண்ணைத் திறந்தார். பெட்டியைத் தடவி, லேசாகத் திறந்து பார்த்து, மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு வக்கீலம்மாவின் கையில் இருந்த செம்பு வண்டுக் குப்பியில் பார்வை நின்றது.

"அது என்ன?" தொண்டை கட்டியிருந்தது.

"இதாலதான் மேடம் நீங்க மேற்கால இருக்கீங்கன்னே தெரிஞ்சது" என்றான் நெட்டை பெருமையாக. "மூணு சங்கிலி. நானே எண்ணினேன்."

வண்டு மேடம் குப்பியை வாங்கி ஆம்புலன்ஸ் விளக்கில் ஒரே ஒரு தரம் பார்த்தார். வெடித்த உதட்டில் சிரிப்பு வந்தது.

"ரெண்டுதான் தம்பி. நடுவுல ஓடு ரெண்டும் ஒட்டுற கோட்டையும் சேர்த்து எண்ணிட்டீங்க. இது வாய்க்கால் வண்டு. அந்த விடுதிக் கொல்லையிலேயே கூடை கூடையா ஓடும். ராத்திரி பூட்ஸுக்குள்ள ஏறியிருக்கும்."

கதவு மூடியது. ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிற்று. நெட்டை அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மேடம். வாய்க்கால் வண்டுன்னு அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கார்."

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலேயே பூதக்கண்ணாடியில பார்த்தேன், ரெண்டு வரிசைதான் இருந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு அப்பத் தெரியல. மேலே அவர் பாடம் நடத்தினப்போதான் தெரிஞ்சது, நம்ம கையில இருக்கிறது செல்லாக்காசுன்னு."

"தெரிஞ்சுமா எடுத்து நீட்டினீங்க? அவர் வாங்கி ஒரு தரம் பார்த்திருந்தா?"

"'ரெண்டுதாம்மா, போங்க'ன்னு சிரிச்சிருப்பார். நாம மன்னிப்புக் கேட்டுட்டு இறங்கியிருப்போம். அந்த அம்மா தண்ணிக்குள்ள போயிருப்பாங்க." வக்கீலம்மா குப்பியைத் திறந்து, வண்டை ஸ்டேஷன் ஓரத்துப் புல்லில் கொட்டினார். "அவர் சொன்னது உண்மைதான்ப்பா. அது உண்மைன்னு அவருக்குத்தான் தெரியாது."